ஹம்போல்ட்டின் முள்

நண்பர்களே, நம்ம லேபில் ஒரு ரீடிங் மட்டும் மற்றதோடு ஒட்டாமல் வந்தால் என்ன செய்கிறோம்? சத்தமில்லாமல் அழித்துவிட்டு, பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறோம். (உண்மையைத்தானே சொல்றேன்!) அப்படிச் செய்யாத ஒருவரின் கதை இது.

அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1769-ல் பெர்லினில் பிறந்தார். ஒருவகையில் நம்ம ஆளுதான்: ஃப்ரைபர்க் சுரங்கக் கல்லூரியில் படித்து, சுரங்க அதிகாரியாகி, தொழிலாளிகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஆரம்பித்தவர். தாயார் இறந்தபின் கிடைத்த சொத்தில் கருவிகள் வாங்கிக்கொண்டு, நண்பர் பான்ப்ளானுடன் 1799-ல் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

வெனிசுவேலாவின் குமனா நகரம். 1797 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊர் அது. 1799 நவம்பர் 4 மாலை மறுபடி குலுங்கியது. மேஜையில் குனிந்து செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பான்ப்ளான் கீழே விழப் போனார். ஜனங்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

மூன்று நாள் கழித்து ஹம்போல்ட் அதே இடத்தில் காந்தச் சாய்வை அளந்தார். செங்குத்தாகச் சுழலும் காந்த முள் தரையை நோக்கி எவ்வளவு சாய்கிறது என்ற கணக்கு அது. நவம்பர் 1-ல் 43.65 இருந்தது, இப்போ 42.75! (வட்டத்தை 400 பாகமாக்கும் கணக்கு, சர்வே படித்தவர்களுக்குத் தெரியும்.) நம்ம டிகிரியில் சுமார் 48 நிமிடம் குறைவு. ஆனால் காந்த விசை மாறவேயில்லை. முள் பத்து நிமிடத்தில் ஆடிய 229 ஆட்டம் அப்படியே இருந்தது. சாய்வு மெல்லப் பழைய நிலைக்கு வரும் என்று எதிர்பார்த்தார். ஓரினோகோ நதிப் பயணம் முடித்து மறுவருஷம் வந்து பார்த்தால் 42.80.

பூமி அதிர்ந்தால் காந்தம் மாறும் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீட்டோ பீடபூமியிலும் லிமாவிலும் பல அதிர்ச்சிகளின்போது முள்ளைப் பார்த்தார், அசையவேயில்லை. முதுமையில் எழுதிய 'காஸ்மோஸ்' நூலில் இரண்டையும் சொன்னார்: குமனாவில் அளந்தது பிழையில்லை, மற்ற இடங்களில் மாற்றமும் இல்லை.

அதற்காகக் காந்தத்தை விட்டுவிடவில்லை. பெர்லினில் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து முள்ளைக் கவனித்தார். முள் திடீரென்று தடுமாறுவதற்குக் 'காந்தப் புயல்' என்று பேர் வைத்தவரே அவர்தான். உலகம் பூராவும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டுமென்று 1836-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதி, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் காந்த நிலையங்கள் வரவும் வழிசெய்தார். 1859-ல், 89 வயதில் காலமானார்.

கேள்வி மட்டும் காலமாகவில்லை. 1989-ல் கலிபோர்னியாவின் லோமா ப்ரியட்டா நிலநடுக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே, மையத்திலிருந்து 7 கிலோமீட்டரில் இருந்த ஒரு காந்தக் கருவி விசித்திரமான ஏற்றம் காட்டியது. முன்னறிவிப்பு கிடைத்துவிட்டதென்று பலரும் நம்பினார்கள். 2009-ல் வேறு ஆய்வாளர்கள் அதே பதிவுகளைத் திரும்பப் பார்த்து, கருவிக் கோளாறாக இருக்கலாம் என்றார்கள்.