சலீம் அலியும் மேகமலை வௌவாலும்

மதுரை நகரின் தெருக்களில் அந்தி சாயும் நேரத்தில், நெட்டிலிங்க மரங்களின் தாழ்ந்து தொங்கும் இலைகளுக்கு இடையிலிருந்தும் பனையோலைகளின் அடியிலிருந்தும் வெளிப்பட்டுக் கொய்யாத் தோப்புகளை நாடிப் பறப்பது குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். சமவெளியில் வாழும் எவருக்கும் அது புதியதன்று. மேற்கே சின்னமனூரிலிருந்து மலையேறினால், மக்கள் ஹைவேவிஸ் என்றும் வழங்கும் மேகமலை வரும். அங்கே அதன் நெருங்கிய உறவினம் ஒன்று வாழ்கிறது. பருமனிலும் நிறத்திலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். மலையில் வாழும் அவ்வினத்திற்குச் சலீம் அலி பழந்தின்னி வௌவால் என்று பெயர். பறவைகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் பெயர் ஒரு வௌவாலுக்கு வாய்த்தது வியப்புக்குரியது. அவ்வியப்பு நீங்க, அப்பெரியாரின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது மாமன் அளித்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. வீட்டு முற்றத்துச் சிட்டுக்குருவிக்கு அத்தகைய திட்டு இல்லை. ஐயம் தீர்க்கச் சிறுவன் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பப்பட்டான். அங்குச் செயலராக இருந்த மில்லார்டு என்பவர், அது மஞ்சள் தொண்டைக் குருவி எனக் கூறியதோடு, இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்யப்பட்ட பறவைகளை வரிசை வரிசையாகக் காட்டினார். ஒன்றுபோல் தோன்றுபவை எல்லாம் ஒன்றல்ல என்னும் உணர்வு அவ்விழுப்பறைகளின் முன்னே அச்சிறுவனுக்குப் பிறந்தது எனலாம்.

பின் வந்த ஆண்டுகள் எளியவையாக அமையவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்தார், அது நிலைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் இடம் கிடைக்கவில்லை. மும்பை அருங்காட்சியகத்தில் சில காலம் விளக்குநராகப் பணியாற்றியபின், பெர்லின் சென்று எர்வின் ஸ்ட்ரெசமான் என்னும் பறவையியல் அறிஞரிடம் பயின்றார். 1930-இல் திரும்பியபோது பழைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்றவராய், மனைவி தெஹ்மினாவுடன் கீஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கினார். அவர் புகழுக்கு அடித்தளமிட்டது அவ்வூரில் கழிந்த வறுமைக் காலமே.

வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. அவற்றை நாள்தோறும் கூர்ந்து நோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு முடைகிறது. பெண் குருவி வந்து பார்த்து, ஏற்றால் குடிபுகுகிறது. உடனே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெட்டையை எதிர்நோக்குகிறது. இவ்வாழ்க்கை முறையை முதன்முதலில் தெளிவுற விளக்கியவர் அவரே. சில ஆண்டுகளுக்குப் பின், குமாவூன் மலையடிவாரத்தில், நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்த ஃபின் தூக்கணாங்குருவியை மீண்டும் கண்டறிந்தார். அதுவும் நாம் அறிந்த தூக்கணாங்குருவிக்கு நெருங்கிய உறவினமே.

இங்கு ஓர் ஒப்புமையைச் சுட்டுதல் தகும். மதுரைச் சமவெளியின் குட்டைமூக்கு வௌவாலிலும் ஆணே இல்லம் அமைக்கிறது. இலைகளையும் கொடித் தண்டுகளையும் கடித்து வளைத்துக் கூடாரம்போல் செய்து, அதனுள் பெண் வௌவால்களைச் சேர்த்துக் காக்கிறது. தென் தமிழகத்து ஆய்வாளர்கள் பிற்காலத்தில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தூக்கணாங்குருவியின் பொறுமைமிக்க ஆய்வாளர் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

1939-இல் தெஹ்மினா மறைந்தார். இழப்பின் துயரிலும் களப்பணி நின்றதில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இயற்கை வரலாற்றுக் கழகம் தளர்ந்திருந்தது. அதனைத் தாங்கி நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் சலீம் அலி.

அக்காலத்தில்தான் நம் மாவட்டத்தின் கதை தொடங்குகிறது. 1948-இல், அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த மேகமலையில், தோட்ட அலுவலரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது மும்பைக் கழகத்தின் சேகரிப்பைச் சென்றடைந்தது. குட்டைமூக்கு வௌவால் என்றே அதற்குச் சீட்டு எழுதப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் அது தவறான பெயருடன் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனை ஆராய்ந்து, வெளியே தெரியும் வால் இல்லாமையையும், முன்பற்கள் மேலும் கீழும் ஓரிணையாக மட்டும் அமைந்திருத்தலையும், அகன்ற கடைவாய்ப் பற்களையும் கண்டார். இது வேறோர் இனம் மட்டுமன்று, வேறொரு பேரினமே எனத் தெளிந்து, 1972-இல் சலீம் அலியின் பெயரால் அதனை உலகிற்கு அறிவித்தார். கிட்டி இரண்டாண்டுகளில் காலமானார்.

அதே 1972-இல் இயற்றப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி முதலியவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்தது. தோப்புகளில் பழத்தைத் தின்னும் சமவெளி வௌவாலுக்கு அது கூறும் காரணம் ஒருவாறு விளங்கும். அது விதைகளைப் பரப்பும் நன்மையைச் சட்டம் எண்ணவில்லை. மலையில் குகைகளில் அடைந்து, காட்டு அத்தி போன்ற பழங்களை நம்பி வாழும் அரிய இனத்திற்கோ அப்பழி சிறிதும் பொருந்தாது. சோலைக்காடு குறைந்தால் சமவெளி வௌவால் வாழைத் தோட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும். மலை வௌவாலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றையேனும் முறையாகக் காக்க இயலாது.

சலீம் அலி இக்காலத்தில், டில்லன் ரிப்ளியுடன் இணைந்து, இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் பற்றிய பத்துத் தொகுதிகளை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். பரத்பூர்ச் சதுப்பு நிலத்திற்காகவும் அமைதிப் பள்ளத்தாக்கிற்காகவும் குரல் கொடுத்தார். 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987-இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தபோது, அவர் பெயர் தாங்கிய வௌவாலுக்குச் சான்றாக ஹட்டன் அனுப்பிய ஒரே உடலம்தான் இருந்தது.

1993-இல் இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தினர் மேகமலையில் அதனை உயிருடன் கண்டனர். களக்காடு முண்டந்துறைப் பகுதியிலும் பின்னர் அது காணப்பட்டது. சட்டத்தின் முதல் பட்டியலில் புலிக்கு நிகரான பாதுகாப்பும் அதற்குக் கிடைத்தது. மதுரைத் தோப்புகளின் குட்டைமூக்கு வௌவாலோ, 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தீங்குயிர்ப் பட்டியலையே நீக்கும்வரை அப்பட்டியலில் இருந்தது.