ஒரே முடிவு, இரண்டு வேகம்

டிமித்ரி ஷொஸ்டகோவிச்சின் ஐந்தாவது சிம்பனியை 1959இல் லியனார்ட் பேர்ன்ஸ்டைன் நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் ஒலிப்பதிவு செய்தார். அதன் கடைசிப் பகுதி ஏறத்தாழ ஒன்பது நிமிடத்தில் பாய்ந்து முடிகிறது. கேட்பவருக்கு அது வெற்றி முழக்கம். பின்னாளில் றோஸ்ட்ரோபோவிச் நடத்திய பதிவில் அதே முடிவு கனத்து இழுபடுகிறது. சுரங்கள் மாறவில்லை. வேகம் மட்டுமே வேறு.

ஷொஸ்டகோவிச் 1906இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். 19 வயதில் அரங்கேறிய முதல் சிம்பனியே அவரை வெளிநாடுகள்வரை அறியவைத்தது. 1936 ஜனவரியில் அவருடைய ஒபெரா ஒன்றைப் பார்க்க வந்த ஸ்டாலின் முடியுமுன்பே எழுந்து போனார். இரண்டு நாளில் பிராவ்தாவில் பெயர் போடாத கட்டுரை ஒன்று வந்தது. இரண்டு வருடமாகப் பாராட்டப்பட்ட ஒபெரா ஒரே காலையில் குற்றமாகிவிட்டது. அந்த மே மாதம் அவருக்கு மகள் பிறந்தாள். டிசம்பரில், ஒத்திகையில் இருந்த நான்காவது சிம்பனியை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1937இல் அவரை ஆதரித்துவந்த மார்ஷல் துகாசெவ்ஸ்கி சுடப்பட்டார். அக்காவின் கணவர் கைதானார், அக்கா நாடுகடத்தப்பட்டார், மாமியார் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஐந்தாவது சிம்பனி எழுதப்பட்டது அந்த வருடம்தான்.

அது டி மைனரில் தொடங்குகிறது. நம் காதுக்கு நடபைரவியின் சாயல் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் முழுக்க மௌனம். நவம்பர் 21இல் லெனின்கிராட்டில் முதன்முறை வாசிக்கப்பட்டபோது, அந்த இடத்தில் மண்டபத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். இரவில் ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த நகரம் அது. கொண்டுபோகப்பட்டவருக்காக வெளியில் அழ முடியாது. மண்டபத்தில் அழலாம், கேட்டால் இசைக்காக என்று சொல்லலாம்.

கடைசிப் பகுதி டி மேஜருக்கு, அதாவது சங்கராபரணத்தின் பக்கம், திரும்புகிறது. பேரிகை அதிர, வயலின்களும் குழல்களும் ஒரே சுரத்தை 250 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. அதிகாரிகள் இதை நம்பிக்கையின் குரலாக எடுத்துக்கொண்டார்கள். அவர் உயிர் தப்பினார். வேகமாக வாசித்தால் அவர்கள் கேட்டதுதான் கேட்கும். மெதுவாக வாசித்தால், மகிழ்ச்சியாக இரு என்று யாரோ தலையில் தட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். அச்சான இசைப் பிரதிகளும் உதவவில்லை: ஒரு பதிப்பு சொல்லும் வேகத்தில் பாதிதான் இன்னொன்று சொல்வது.

அவர் எதையும் தீர்த்துவைக்கவில்லை. மெதுவாக முடித்த மிராவின்ஸ்கியையும் ஏற்றுக்கொண்டார். 1959இல் மொஸ்கோவில் பேர்ன்ஸ்டைன் வாசித்து முடித்தபோது மேடைக்கும் போனார். இறந்தபின் வெளிநாட்டில் அவரது நினைவுக்குறிப்புகள் என்று வந்த நூல், அந்த மகிழ்ச்சி மிரட்டி வாங்கப்பட்டது என்கிறது; அந்நூல் உண்மையானதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. எனக்கு மெதுவான பதிவே நெருக்கம். ஆனால் கைக்குழந்தையோடு இருந்த மனிதருக்கு இரண்டு விதமாகவும் கேட்கும் முடிவுதான் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

1948இல் மறுபடி கண்டிக்கப்பட்டார். 1960இல் கட்சியில் சேர்ந்தார். 1975 ஓகஸ்ட் 9இல் மொஸ்கோவில் இறந்தார்.

திரும்பப் பெற்ற நான்காவது சிம்பனி 25 வருடம் காத்திருந்து 1961 டிசம்பரில்தான் மேடை கண்டது. அதன் முடிவில் முழக்கம் இல்லை. சி மைனரில், மிக மெதுவாகத் தேய்ந்து அடங்குகிறது.