மலையேறிய பாதரசம்

மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று சங்கத்தார் கேட்டனர். புலவரையும் தலைவரையும் பற்றி எழுத நம்மிடையே பலர் உளர். இயந்திரப் பொறியியல் பயிலும் நான் எடுத்துக்கொண்டவர் பிரெஞ்சுப் பேரறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல். கணித வகுப்பில் அவருடைய முக்கோணத்தையும், இயற்பியல் வகுப்பில் அவர் பெயர் தாங்கிய அழுத்த அலகையும் நாம் அறிவோம். ஆனால் அவர் அறிவு முழுவதும் ஒருங்கே வேலை செய்வதை நான் காண்பது, மலைப்பாதையில் ஓடும் ஜீப்பின் பானெட்டுக்குள் இருக்கும் பவர் ஸ்டியரிங் எண்ணெய்த் தொட்டியில்தான். அதன் மூடியில் ஊசிமுனையளவு ஒரு துளை உண்டு. அந்தத் துளை ஏன் என்ற கேள்விக்கு விடை, முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மனிதரின் வரலாற்றில் இருக்கிறது.

1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், மத்திய பிரான்சில் மலைகள் சூழ்ந்த கிளர்மான் நகரில் பாஸ்கல் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். வரித்துறை நீதிபதியான தந்தை எத்தியேன், மகனையும் இரு மகள்களையும் தாமே வளர்த்தார்; 1631இல் அவர்களுடன் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். மொழிகளைக் கற்று முடிக்கும்வரை மகன் கணிதத்தின் பக்கம் போகலாகாது என்பது தந்தையின் கட்டளை. சிறுவனோ பன்னிரண்டாம் வயதில் தனியே அமர்ந்து, கோடும் வட்டமும் வரைந்து, வடிவியல் உண்மைகளைத் தானே காணத் தொடங்கினான். பதினாறு வயதில் கூம்பு வெட்டுகள் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினான். பின்னர் ரூவான் நகரில் வரிக்கணக்குகளோடு மல்லாடிய தந்தையின் சுமையைக் குறைக்க, 1642இல் பற்சக்கரங்களால் கூட்டிக் கழிக்கும் பொறியொன்றைச் செய்ய முற்பட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது!

அந்நாளில் ஐரோப்பிய அறிஞரிடையே ஒரு பெரும் பூசல் நிலவியது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வந்த கொள்கை. இத்தாலியில் டாரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தார். பாதரசம் ஓரளவு இறங்கி நின்றது. மேலே வெறுமை தோன்றியது. பாதரசத்தைத் தாங்குவது எது? வெளியே உள்ள காற்றின் எடையே என்றார் டாரிசெல்லி. பலர் மறுத்தனர். நூல்களைக் காட்டி வாதிட்டனர்.

பாஸ்கலும் வாதம் செய்தார். ஆனால் அதோடு நின்றாரில்லை. காற்றின் எடைதான் பாதரசத்தைத் தாங்குகிறது என்றால், உயரமான மலைமீது காற்று குறைவு. அங்கே பாதரசம் தாழ வேண்டுமன்றோ? பாஸ்கல் பாரிஸில் இருந்தார்; உடலோ நோய்க்கு இரையாகியிருந்தது. ஆகவே கிளர்மானில் வாழ்ந்த தமக்கையின் கணவர் புளோரன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19ஆம் நாள், பெரியே ஊரார் சிலரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு பூய் தெ தோம் மலைமீது ஏறினார். அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் ஒரு குழாயை வைத்து, நாள் முழுதும் அதைக் கவனிக்கத் துறவி ஒருவரை அமர்த்தியிருந்தார். அந்தக் குழாயில் மாற்றமில்லை. உச்சியிலோ பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் சற்று மேலாகத் தாழ்ந்து நின்றது! இரண்டாயிரம் ஆண்டுக் கொள்கை ஒரே பகலில் ஆட்டங்கண்டது.

1654ஆம் ஆண்டளவில் பாஸ்கல் இரு சிறு நூல்களை எழுதி முடித்தார். ஒன்று காற்றின் எடை பற்றியது. பாதி ஊதிய பையை மலைமேல் கொண்டு சென்றால் அது புடைக்கும், கீழே வந்தால் சுருங்கும் என்று அதில் விளக்கினார். மற்றது திரவங்களின் சமநிலை பற்றியது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும். எனவே சிறு வாயில் ஒருவர் அழுத்தினால், அதைப்போல் நூறு மடங்கு அகன்ற வாயில் நூறு பேரின் வலிமை எழும் என்று காட்டினார். இங்கிலாந்தில் பிராமா 1795இல் காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறிக்கும், அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் ஓட்டிக் காட்டிய பவர் ஸ்டியரிங் காருக்கும் அடிப்படை இதுவே.

இனி ஜீப்புக்கு வருவோம். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகையில், பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்ப, பிஸ்டன் சக்கரத்தைத் திருப்புகிறது. இது பாஸ்கலின் முதல் உண்மை. வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. சூடேறினால் எண்ணெய் பெருகும், ஆறினால் சுருங்கும். அதற்கேற்பத் தொட்டியிலுள்ள காற்று வெளியேறவும் உள்ளே வரவும் வழி வேண்டும். அவ்வழியே மூடியின் துளை. இது இரண்டாவது உண்மை.

கரடுமுரடான பாதையில் வண்டி சாயும்போது அத்துளை வழியே எண்ணெய் சிந்தும். சூடான புகைக்குழாய் மீது விழுந்தால் தீயும் பற்றலாம். அதற்காகத் துளையை அடைத்துவிடுவோர் உண்டு. அடைத்தால் தொட்டி, பாஸ்கல் சொன்ன பை ஆகிவிடுகிறது! 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மேலே போகப்போக அடைபட்ட காற்று வெளியே நெருக்கும். எண்ணெய்ச் சூடும் அதனுடன் சேரும். மூடியிலும் சீலிலும் கசிவு தோன்றும். வண்டி ஆறிக் கீழே இறங்கினால் உள்ளே அழுத்தம் குறையும், பம்ப் எண்ணெயை இழுக்கத் திணறும், குமிழி உண்டாகி முனகும், ஸ்டியரிங் கனத்துப்போகும். கொண்டையூசி வளைவில் அது உயிர்ப்பிரச்சினை அன்றோ?

செய்ய வேண்டுவது எளிது. மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை பானெட்டுக்குள் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்து, சிறு வடிகட்டி பொருத்த வேண்டும். எண்ணெய் சிந்தாது, தூசி புகாது, ஆற்றைக் கடக்கையில் சூடான தொட்டி குளிர்ந்து நீரை உறிஞ்சவும் இயலாது. காற்று மட்டும் போய்வரும்.

பாஸ்கலின் பிற்கால வாழ்வு சமயச் சிந்தனையில் கழிந்தது. தந்தை 1651இல் இறந்தார். அன்புத் தங்கை ஜாக்லின் துறவறம் பூண்டு 1661இல் மறைந்தார். நோயும் விடவில்லை. ஆயினும் 1662 மார்ச்சில், ஐந்து காசு கொடுத்து ஏறிச்செல்லத்தக்க பொதுக் குதிரை வண்டிகளைப் பாரிஸில் ஓடச் செய்தார். அதில் தம் பங்கு வருவாயை ஏழைகளுக்கு ஈய விரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 19இல், முப்பத்தொன்பதாம் வயதில் கண்மூடினார். அந்த இரு சிறு நூல்களும் மறு ஆண்டுதான் அச்சேறின.

நான் அவரிடம் கற்றது ஒன்று. பெரியவர்கள் சொன்னதாலேயே அவர் எதையும் ஏற்கவில்லை. தாம் சொன்னதாலேயே பிறர் ஏற்க வேண்டும் என்றும் கருதவில்லை. குழாயைத் தூக்கிக்கொண்டு மலைமேல் போய்ப் பாருங்கள் என்றார். அடுத்த விடுமுறையில் இமயத்துக்குச் செல்லும் தோழர்களே, உச்சியில் ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியை இறுக மூடி, சமவெளிக்குக் கொண்டுவாருங்கள். அது நசுங்கிக் கிடப்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.