புதுக்கோட்டை வீட்டிலிருந்து மதராஸ் ஆஸ்பத்திரிக்கு
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, நம் கல்லூரிக்கும் போடிக்கும் நேராகச் சம்பந்தமில்லாத ஒருவரைப் பற்றி எழுதலாமா என்று முதலில் தயக்கம்தான். ஆனால் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் லயத்தில் பிறந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வீட்டை விட்டு வந்து படிப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் மாணவப் பருவத்தை எழுதுகிறேன். மற்றதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அவர் பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டை சமஸ்தானத்தில். அப்பா நாராயணசாமி ஐயர், அங்குள்ள மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசைவேளாளர் குலம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு குடும்பம் என்றால் இரண்டு பக்கமும் பேச்சுதான். அப்பாவின் உறவுக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். அம்மாவின் பக்கத்தில் பெண்பிள்ளைகள் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுவதைச் சின்ன வயதிலேயே அவர் பார்த்தார். வெளியே ஊர்ப்பேச்சு, உள்ளே புத்தகம், நடுவில் எப்போது கல்யாணம் என்ற அம்மாவின் கவலை. இதுதான் அந்த வீடு. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எந்தத் தாயும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்று போயிற்று. வீட்டிலேயே பாடம். தனித்தேர்வராக எழுதி 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. உள்ளூரில் இருந்ததோ ஆண்கள் படிக்கிற கல்லூரி. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். திரை போட்ட வண்டியில் போய், வகுப்பிலும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கிளம்பிப் போன பிறகுதான் பையன்களுக்கு மணி அடிப்பார்கள் என்று சொல்வார்கள். நம் காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பாடம் காதில் விழவில்லை என்று சொன்ன நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்!

1907-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரி. இங்கே ஒரு விஷயத்தைச் சரி செய்துவிட வேண்டும். இவரை இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. இவர் பிறந்த அதே 1886-லேயே ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும், காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் டாக்டராகிவிட்டார்கள். மதராஸ் கல்லூரியிலேயே 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். முதலாவதாக வந்தார் என்பதற்காக அல்ல, எந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தார் என்பதற்காகத்தான் எனக்கு இவர் பெரியவர்.

அந்தக் கால வைத்தியப் படிப்பை நினைத்துப் பாருங்கள். பென்சிலின் கண்டுபிடிக்க இன்னும் இருபது வருஷம் இருந்தது. எக்ஸ்ரே வந்து பன்னிரண்டு வருஷம்தான். காய்ச்சலோ சீழோ, நோயாளி பிழைப்பது பெரும்பாலும் அவர் உடம்பின் வலுவைப் பொறுத்தது. பிணவறையில் உடல் அறுத்துப் படிக்க வேண்டும், வார்டில் நிற்க வேண்டும், திரும்ப வந்து விளக்கு வெளிச்சத்தில் தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்கள். இவருக்கோ ஆஸ்துமா, ரத்தசோகை, கண்பார்வையும் சரியில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே படித்தவர். ஜிஃபர்டு என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் பெண்களைத் தம் வகுப்பில் உட்காரவே விடமாட்டாராம். அறுவைச் சிகிச்சைப் பாடத்தில் இந்தப் பெண் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு மனசு மாறினார் என்பார்கள். 1912-ல் பதக்கங்களோடு பட்டம். பிறகு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டுதான் சம்மதித்தார். 1927-ல் சென்னை சட்டமன்றத் துணைத் தலைவர் ஆனது, தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டது, 1947-ல் அது சட்டமானது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் புதுக்கோட்டை வீடு அவரை விடவே இல்லை. தங்கை புற்றுநோயில் இறந்தாள். முதலில் அது என்ன நோய் என்றே டாக்டர்களுக்குத் தெரியவில்லை. சீதபேதி என்று வைத்தியம் பார்த்தார்கள். அக்காவோ டாக்டர், பதக்கம் வாங்கியவர், ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காரத்தான் முடிந்தது. அந்த வேதனை முப்பது வருஷம் அவருக்குள்ளேயே இருந்தது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு! நம் மலையிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் அங்கே போய் வந்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு தங்கை இருக்கிறாள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அதேபோல, 1930-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில பெண்பிள்ளைகள் தங்க இடமில்லாமல் இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் பிறகு அவ்வை இல்லமாக வளர்ந்தது. 1968 ஜூலை 22-ல் அம்மையார் காலமானார்.

இப்போது மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் மதராஸ் வரை போகவேண்டியதில்லை, க.விலக்கிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அப்படியும் சென்னையில் இடம் கிடைத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேர் ரயில் விட்டார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே தெரிவதுதான் பெரிய ஆஸ்பத்திரி. பக்கத்திலேயே அவர் படித்த கல்லூரி.