அண்ணல் கேட்ட வரிக் கணக்கு

நலத்திட்டம் என்று பேச்செடுத்தாலே நம் மக்களைக் குத்திக் காட்ட ஒரு பேச்சு தயாராக இருக்கிறது. வரி கட்டுவது யாரோ, உட்கார்ந்து சாப்பிடுவது நாமாம். ரேஷன் அரிசி, கல்வி உதவித்தொகை, தொகுப்பு வீடு என எதைத் தொட்டாலும் இந்தக் குத்தல் கூடவே வருகிறது. டீக்கடையிலும் கேட்கிறோம், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறோம். பதில் சொல்லத் தெரியாமல் நம் பிள்ளைகள் தலை குனிவதையும் பார்க்கிறோம்.

குனியத் தேவையில்லை. யார் வரி கட்டுகிறார்கள், அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்ற கணக்கை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் போட்டுப் பார்த்துவிட்டார். அவர் அண்ணல் அம்பேத்கர். நம் தெருமுனைச் சிலைகளில் கையில் அரசியல் சட்டத்தோடு நிற்கும் அவரை நாம் சட்ட மேதையாகவே அறிந்திருக்கிறோம். ஆனால் அவர் முதலில் கரைத்துக் குடித்தது பொருளாதாரம். அதிலும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தது அரசின் வரவு செலவை. அந்த அம்பேத்கரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

படிக்க வைத்த கஜானா

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர் பீமராவ். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். சாதாரா பள்ளியில் மற்ற பிள்ளைகளிடமிருந்து தள்ளி, வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின் மேல் உட்கார்ந்து படித்ததும், பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் என்றிருந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

கல்லூரிப் படிப்புக்கு வீட்டில் பணம் இல்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். அதை வைத்து 1912-ல் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டு தந்தை இறந்தார். அதே 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையோடு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். கஜானாவின் பணம் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

அவர் போய்ச் சேர்ந்த நேரமும் பார்க்கத்தக்கது. அமெரிக்கா தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுமைக்குமான வருமான வரியை நிலைப்படுத்தியது அந்த 1913-ல்தான். அம்பேத்கருக்கு வாய்த்த பேராசிரியர் எட்வின் செலிக்மன், வருமானம் ஏற ஏற வரியின் வீதமும் ஏறவேண்டும் என்ற கொள்கையைப் பற்றி நூல் எழுதியவர். அவரிடம்தான் அண்ணல் வரி நியாயத்தின் பாடம் கேட்டார்.

1915-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி எம்.ஏ. ஆய்வு எழுதினார். அடுத்து, மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வரிப்பணம் எப்படிப் பங்கிடப்பட்டது என்ற ஆய்வு. அது 1925-ல் லண்டனில் செலிக்மனின் முன்னுரையோடு புத்தகமாக வந்தது. நிலத்தின் மேலும் உப்பின் மேலும் போடப்பட்ட வரிகள் ஏழையின் முதுகை எப்படி அழுத்தின என்பதை அந்தப் புத்தகத்தில் காணலாம். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அரசு, வரியை நியாயமாகப் போடவும் செய்யாது, நியாயமாகச் செலவழிக்கவும் செய்யாது என்பது அவர் கண்ட முடிவு.

லண்டனில் எழுதிய ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வு 1923-ல் வெளிவந்தது. ரூபாயின் மதிப்பு சரிந்தால் ஏற்றுமதிக்கு நல்லது, நாட்டுக்கே லாபம் என்று வணிகர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை, ஆகவே அது நாட்டின் லாபம் அல்ல, ஒரு வகுப்பின் பையிலிருந்து இன்னொரு வகுப்பின் பைக்குப் போகும் பணம் என்று அவர் எடுத்துக் காட்டினார். நாணயக் கொள்கையைப் பற்றி எழுதும்போதும் கூலிக்காரனை அவர் மறக்கவில்லை.

இத்தனை படித்தவருக்கு ஊரில் என்ன மரியாதை? 1917-ல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். பம்பாயில் முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்குச் சொன்னவரின் சாதிதான் அவர்களுக்கு உறுத்தியது.

1927: ஒரே மாதத்தில் மூன்று கேள்விகள்

பம்பாய் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போன அம்பேத்கர், 1927 பிப்ரவரி 24 அன்று பட்ஜெட் மீது பேசினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. வருமான வரி, வருமானம் உள்ளவனிடம் மட்டும் வாங்கப்படுகிறது. குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவனுக்கு விலக்கு உண்டு. நிலவரி அப்படியா? விளைந்தாலும் கட்டவேண்டும், காய்ந்தாலும் கட்டவேண்டும். ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஏழைக்கும், ஊர் ஊராக நிலம் வைத்திருக்கும் ஜாகீர்தாருக்கும் ஒரே வீதம். தாங்கும் சக்தியைப் பார்த்து வரி போடவேண்டும் என்ற நியாயம் நகரத்துப் பணக்காரனுக்கு உண்டு, கிராமத்து ஏழைக்கு இல்லையா என்று அவர் கேட்டார்.

மார்ச் 12 அன்று கல்வி மானியத்தின் மீது பேசினார். மாகாண அரசு கல்விக்காகத் தலைக்கு 14 அணா செலவழிக்கிறது. கலால் வரியாக மக்களிடமிருந்து தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது. குடியிலிருந்து வாங்கும் அளவுக்காவது படிப்புக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது அவர் கோரிக்கை. டாஸ்மாக் கடை வாசலில் அன்றாடக் கூலியைத் தொலைத்துவிட்டு வரும் நம் ஆண்களை நினைத்தால், இந்தக் கணக்கு நமக்கு நன்றாகவே விளங்கும். அரசின் கஜானாவில் நம் பணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மார்ச் 20 அன்று மகத் ஊரின் சவுதார் குளத்தில் இறங்கி ஆயிரக்கணக்கான மக்களோடு தண்ணீர் அருந்தினார். இதை நாம் தீண்டாமை எதிர்ப்புப் போராட்டமாக மட்டுமே நினைக்கிறோம். அதற்குள்ளும் ஒரு வரிக் கணக்கு உண்டு. பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்கவேண்டும் என்று 1923-ல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. குளத்தைப் பராமரிப்பது நகராட்சி. குளம் எல்லோருக்கும் பொது என்று அந்த நகராட்சியும் ஏற்றிருந்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது, குளம் மேல்சாதியினரின் கையில் இருந்தது. பொதுப் பணத்தில் பங்குள்ளவனுக்குப் பொதுக் குளத்திலும் பங்கு உண்டு என்று காட்டத்தான் அந்த நடை. இதே நியாயத்தை நம் சென்னை மாகாணத்தில் 1924-லேயே தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் எழுப்பி, பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் நமக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

அதிக வரி கட்டத் துணிந்தவர்கள்

மராட்டிய கிராமங்களில் மகர் மக்கள் ஊர் வேலைக்காரர்கள். அரசுக்கும் ஊருக்கும் இரவு பகல் பாராமல் ஓடவேண்டும். ஆண் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் வேறு யாராவது போகவேண்டும். கூலியாகக் கொஞ்சம் மானிய நிலம், அறுவடையில் ஊரார் போடும் தானியம், பெயருக்கு ஒரு சிறு தொகை. நம் பக்கத்து வெட்டியான், தோட்டி வேலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்த நிலத்துக்குத் தீர்வை குறைவு. அந்தச் சலுகைதான் அவர்களைக் கட்டிப்போட்ட சங்கிலி.

1928 மார்ச்சில் அம்பேத்கர் இதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். விரும்புகிற மகர் குடும்பம் மற்ற விவசாயிகளைப் போல முழுத் தீர்வையைக் கட்டிவிட்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஊர் வேலையிலிருந்து விடுபடலாம். ஊரார் தரும் தானியத்தைப் பணமாக மாற்றி, அரசே வசூலித்து வேலைக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டும். வீடு வீடாகக் கையேந்தும் நிலை ஒழியவேண்டும் என்பது நோக்கம். வரி கட்டாமல் வாழப் பார்க்கிறவர்கள் என்று நம்மைச் சொல்பவர்கள் இந்த மசோதாவைப் படிக்கவேண்டும். மானத்தோடு வாழ்வதற்காக அதிக வரி கட்ட முன்வந்த மக்கள் நாம். மசோதா அன்று நிறைவேறவில்லை, அவர் அதைத் திரும்பப் பெற்றார். அண்ணல் மறைந்த பிறகு, 1958-ன் பம்பாய்ச் சட்டம்தான் அந்த முறைக்கு முடிவு கட்டியது.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கொங்கணப் பகுதியின் கோத் முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். கோத் என்பவர் அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் நின்று நிலவரி வசூலிப்பவர். அரசுக்குக் கட்டுவது ஒரு தொகை, உழவனிடம் பிடுங்குவது அதற்கும் மேல். உழவன் நேராக அரசுக்கு வரி கட்டட்டும், நிலத்தின் உரிமை அவனுக்கே இருக்கட்டும் என்றது மசோதா. 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் பம்பாய் சட்டமன்றம் நோக்கி ஊர்வலம் வந்தார்கள். அதில் மகர் மட்டும் இல்லை, குன்பி உழவர்களும் இருந்தார்கள். அவரைச் சாதித் தலைவர் என்று சுருக்கிப் பேசுவோர் இந்த ஊர்வலத்தைச் சொல்வதே இல்லை.

உதவித்தொகை எப்படி வந்தது?

1942-ல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த ஆண்டே பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாக வைசிராயிடம் கொடுத்தார். மற்ற சமூகத்தார் படிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது, எங்கள் பிள்ளைகளின் உயர்கல்விக்கு என்ன தருகிறீர்கள் என்பது அதன் சாரம். 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் விழும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அதுதான். அது பிச்சையாக வந்ததல்ல. பங்கு கேட்டு வந்தது.

சுரங்கத்தில் உழைக்கும் பெண்களுக்குப் பேறுகாலப் பலன், வாரத்துக்கு 48 மணி நேர வேலை, 1946-ல் முன்வைக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மசோதா என்று அந்த நான்கு ஆண்டுகளில் அவர் செய்தவை பல. 1947-ல் எழுதிய மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற திட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். முக்கியத் தொழில்கள், காப்பீடு, விவசாய நிலம் எல்லாம் அரசின் கையில் இருக்கவேண்டும், நிலத்தைச் சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்குக் கொடுக்கவேண்டும் என்றார். அந்தத் திட்டம் அப்படியே அரசியல் சட்டத்தில் ஏறவில்லை. ஆனால் செல்வம் ஒரு சிலரின் கையில் குவியாதபடி அரசு பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற வழிகாட்டு நெறி 39-வது பிரிவில் நிற்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் போடக்கூடாது என்று 265-வது பிரிவு சொல்கிறது. மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்க நிதி ஆணையத்துக்கு வழி செய்வது 280-வது பிரிவு. மாகாண நிதி பற்றி இளவயதில் ஆய்வு செய்தவர் வரைவுக்குழுவின் தலைவராக இருந்தபோது வந்த பிரிவுகள் இவை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் எச்சரித்தார். ஓட்டில் எல்லோரும் சமம், வாழ்க்கையில் சமமில்லை என்ற முரண்பாட்டோடு குடியரசு தொடங்குகிறது. இதைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்களே இந்த அமைப்பைத் தகர்த்துவிடுவார்கள் என்றார். 1956 டிசம்பர் 6 அன்று கண் மூடினார். முரண்பாடு மட்டும் தீரவில்லை.

நம் பங்கைக் கேட்போம்

இன்று நிலவரியின் இடத்தை வேறு வரிகள் பிடித்துக்கொண்டுவிட்டன. கடையில் சோப்பு வாங்கும் துப்புரவுத் தொழிலாளியும், அதே சோப்பை வாங்கும் கோடீஸ்வரரும் ஒரே ஜிஎஸ்டிதான் கட்டுகிறார்கள். ஒரு ஏக்கருக்கும் ஜாகீருக்கும் ஒரே வீதம் என்று 1927-ல் அண்ணல் சுட்டிய அநியாயம் பில்லில் ஏறி நம் வீட்டுக்கே வருகிறது. வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன் என்று பேசுவது அறியாமை. தெரிந்தே பேசினால் அது மோசடி.

வரவில் நம் பங்கு இருக்கிறது. செலவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு நிதி ஒதுக்கவேண்டும் என்ற துணைத் திட்டம் 1979-80 முதல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் 20 சதவீதம். 2024-ல் இதற்கெனத் தனிச் சட்டமே நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏட்டில் எழுதிய தீர்மானம் தானாகக் குளத்துக்கு நடந்துபோகாது என்பது மகத் கற்றுத்தந்த பாடம்.

எனவே அடுத்த கிராம சபைக்கு நாம் வெறுங்கையோடு போகக்கூடாது. நம் தெருவுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, மீதி எங்கே போனது என்று எழுதி எடுத்துக்கொண்டு போவோம். படித்த பிள்ளைகள் கணக்கைப் படிக்கட்டும், பெரியவர்கள் எழுந்து கேட்கட்டும். சிலைக்கு மாலை போடுவதோடு இந்தக் கேள்வியையும் கேட்டால்தான் அண்ணலுக்கு நாம் செய்யும் மரியாதை முழுமையாகும்.