இரவல் பெயரில் வாழ்ந்தவர்

துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிப்பது நம் இலக்கிய வட்டங்களில் நெடுநாளைய வழக்கம். அதைப் படிக்காதவர் நம்மில் எவரும் இல்லை என்பது வேறு செய்தி. இரவில் விழித்திருந்து படிப்போம். மறுநாள் கூட்டத்தில் அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டோம். இம்மலருக்காக ஒருவரது வாழ்க்கையை எழுத முற்பட்டபோது, அவ்வாறு எதையும் ஒளிக்காத ஒருவரே என் நினைவுக்கு வந்தார். படித்தவற்றின்மேல் கொண்ட பித்தையே தம் வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டவர் அவர். ஜப்பானிய எழுத்தாளர் எடோகாவா ராம்போ. துப்பாக்கி ஏந்திய அமெரிக்கத் திரைப்பட நாயகன் ஒருவன் சிலருக்கு நினைவுக்கு வரக்கூடும். அவனுக்கும் இவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பெற்றோர் இட்ட பெயர் ஹிராய் தாரோ. எட்கார் ஆலன் போ என்னும் அமெரிக்க எழுத்தாளரின் பெயர் ஜப்பானியர் நாவில் எதோகா ஆரான் போ என்று ஒலிக்கும். அவ்வொலியைச் சீன எழுத்துகளில் பெயர்த்து எழுதித் தமக்குச் சூட்டிக்கொண்டார் தாரோ. எழுத்துகளுக்குத் தனித்தனியே பொருள் கொண்டால் எடோ ஆறு என்றும் தாறுமாறான நடை என்றும் வரும். ஒருவர் தம் ஆசானின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சேர்த்துக்கொள்வதுண்டு. ஆசானின் பெயரே தம் பெயராகிவிடும்படி செய்துகொண்டவர்கள் அரியர். அப்பெயரில் வாழ்வது எத்துணை பாரம் என்பதை அவர் பிற்பாடுதான் உணர்ந்தார்.

அவர் 1894 அக்டோபர் 21 அன்று மியே மாகாணத்து நபாரி என்னும் சிற்றூரில் பிறந்து, நகோயா நகரில் வளர்ந்தார். சிறுவயதில் தாயார் அவருக்கு மர்மக் கதைகளைப் படித்துக் காட்டுவார். மேலைநாட்டு மர்ம நாவல்களை ஜப்பானிய மண்ணுக்கேற்ப மாற்றி எழுதிப் புகழ்பெற்றிருந்த குரோய்வா ரூயிகோவின் நூல்கள் சிறுவனை முற்றும் ஆட்கொண்டன. 1912இல் தந்தையின் வணிகம் நொடித்தது. அச்சகம் முதலிய இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே வசேதா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தார். படித்தது பொருளியல் என்று சொல்வது பட்டத்தை ஒட்டிய பேச்சுத்தான். 1914 வாக்கில் போவையும் கானன் டாயிலையும் ஆங்கிலத்தில் கண்டுகொண்ட பின்னர் அவருடைய உண்மையான பல்கலைக்கழகம் தோக்கியோவின் பொது நூலகங்களே. அங்கே தேடிப் படித்த அயல்நாட்டுத் துப்பறியும் கதைகளைப் பற்றிய குறிப்புகளையெல்லாம் தொகுத்து, தம் கையாலேயே எழுதிக் கட்டி, ஒரே ஒரு படியாக ஒரு நூல் செய்தார். வெளியிடுவதற்கு அன்று, வைத்துக்கொள்வதற்கு. அந்த இளைஞனை நான் நன்கு அறிவேன் என்று தோன்றுகிறது. படித்த நூல்களின் பட்டியலை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்காத வாசகர் நம்மில் யார்?

1916இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்தில் துப்பறியும் கதை எழுதிப் பிழைக்கலாம் என்ற கனவு இருந்தது. கப்பல் கட்டணம் இல்லை. அடுத்த ஆறேழு ஆண்டுகள் அவர் பார்த்த வேலைகளை ஒரு மூச்சில் சொல்லிவிட முடியாது. ஒசாகாவில் வணிக நிறுவனம், தட்டச்சுப் பொறி விற்பனை, தோபாவில் கப்பல் கட்டும் தளம். 1919இல் தம்பியர் இருவரோடு தோக்கியோவின் தாங்கோசாகா மேட்டில் ஒரு பழைய புத்தகக் கடை வைத்தார். அதே ஆண்டு தோக்கியோ பக் என்னும் கேலிச்சித்திர இதழுக்குச் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். இரவில் தள்ளுவண்டியில் சீன நூடுல்ஸ் விற்றார். திரைப்படத்தின் மேலும் அவருக்குத் தீராத மோகம். இயக்குநராகும் ஆசையில் படக்கலை பற்றித் தாம் எழுதிய ஆய்வைத் திரைப்பட நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். எவரும் அழைக்கவில்லை.

வேலையின்றி இருந்த 1922ஆம் ஆண்டில்தான் முதற்கதைகள் இரண்டை எழுதினார். முதலில் ஒரு திறனாய்வாளருக்கு அனுப்பினார். அவர் வெளியூர் சென்றிருந்ததால் மறுமொழி வரவில்லை. பொறுமையிழந்து திரும்பப் பெற்று, ஷின்செய்னென் இதழின் ஆசிரியர் மொரிஷிதா உசோனுக்கு அனுப்பினார். மேலைநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகளையே நம்பியிருந்த அவ்விதழ், 1923 ஏப்ரலில் 'இரண்டு சென் செப்புக்காசு' என்ற அக்கதையைச் சிறப்பிடம் தந்து வெளியிட்டது. ஜப்பானில் நவீனத் துப்பறியும் கதை அந்நாளில் பிறந்ததாகவே பலரும் கணக்கிடுகின்றனர்.

கதை எளிது. ஓர் அறையில் இரண்டு ஏழை இளைஞர்கள். செப்புக்காசு ஒன்றினுள் ஒளித்து வைக்கப்பட்ட தாளில், அமிதாப புத்தரைத் துதிக்கும் ஆறெழுத்து மந்திரம் மாறி மாறி எழுதப்பட்டிருக்கிறது. ஆறெழுத்தைப் பார்வையற்றோர் எழுத்தின் ஆறு புள்ளிகளோடு பொருத்திப் பார்த்து ஒருவன் மறைபொருளைக் கண்டுபிடிக்கிறான். திருட்டுப் பணம் தன் கைக்கு வந்துவிட்டதாகக் கூத்தாடுகிறான். பணம் விளையாட்டு நோட்டு. அத்தனையும் தோழன் செய்த கேலி. துப்பறியும் கதைகளில் ஊறிப்போன ஒரு ரசிகன், தன் ரசனையாலேயே ஏமாறுவதுதான் கதை. ஜப்பானின் முதல் துப்பறியும் கதை, துப்பறியும் கதையின் பித்தனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிறந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

புத்தகக் கடை வைத்துத் தோற்ற அதே மேட்டில் நிகழ்வதாக ஒரு கொலைக் கதை எழுதி, 1925இல் அகேச்சி கொகோரோ என்னும் துப்பறிவாளரை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு 'மனித நாற்காலி' வந்தது. தான் செய்த நாற்காலிக்குள் தானே புகுந்துகொண்டு வாழும் தச்சன், தன் மேல் அமர்ந்து எழுதும் பெண் எழுத்தாளருக்குக் கடிதம் வரைகிறான். முடிவில் அக்கடிதம் ஒரு கதையின் கையெழுத்துப் படிதான் என்று மற்றொரு கடிதம் வருகிறது. அவ்வாண்டிலேயே திரைப்படம் தரும் அச்சத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். வெண்திரையில் மலைபோல் விரியும் முகம் அவரை மயக்கியது, நடுங்கவும் வைத்தது. அடுத்த ஆண்டு, உட்புறம் முழுவதும் கண்ணாடி பதித்த உருண்டைக்குள் நுழைந்து சித்தம் கலங்கும் ஒருவனின் கதை வெளியாயிற்று.

இவ்வளவும் சிறப்பு. இனிச் சொல்லப்போவது அவ்வளவு சிறப்பன்று.

1926 இறுதியில் ஆசாஹி நாளிதழில் ஒரு குள்ளனைப் பற்றிய தொடரை எழுதினார். மக்கள் ஆவலோடு படித்தார்கள். 1927இலேயே படமாகவும் வந்தது. அவருக்கோ அது அருவருப்பாக இருந்தது. தாம் நேசித்த எழுத்தாளர்களின் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தம் எழுத்தை அளந்தார், குறைந்தது. எழுதுவதில்லை என்று முடிவு செய்து ஊர் ஊராகத் திரிந்தார். ரசிகனின் கண் கூர்மையானது. அது பிறரைப் படிக்கும்போது இன்பம் தரும், தன்னைப் படிக்கும்போது கழுத்தை நெரிக்கும். நல்ல வாசகர்கள் பலர் எழுத்தாளர்களாகாமல் போவதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

அக்காலத்தில் ஷின்செய்னென் இதழின் ஆசிரியராயிருந்த யோகோமிசோ செய்ஷி கதை கேட்டு அவரைத் தேடிச் சென்றார். நகோயாவில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, கதையொன்று எழுதியதாகவும், கொடுக்க மனமின்றிக் கழிப்பறையில் கிழித்துப் போட்டுவிட்டதாகவும் ராம்போ அவரிடம் ஒப்புக்கொண்டார். அக்கதையைத்தான் 1929இல் மீண்டும் எழுதினார். துணியும் பஞ்சும் வைத்து ஒட்டிய படத்தோடு பயணம் செய்யும் மனிதனைப் பற்றியது அது. அவருடைய ஆக்கங்களுள் தலையாயது அதுவே என்பது என் துணிபு. ஜப்பானியத் திறனாய்வாளர் பலரும் அவ்வாறே கருதுகின்றனர்.

கானல் தோற்றங்களைக் காணச் சென்று திரும்பும் ஒருவர், இரவு ரயிலில் ஒரு முதியவரைச் சந்திக்கிறார். முதியவர் கையில் ஒட்டுப்படம். அதில் ஓர் அழகிய பெண், அவள் அருகே நரைத்த கிழவர். அக்கிழவர் தம் தமையனார் என்கிறார் முதியவர். முன்னொரு நாள் அசாகுசாவின் பன்னிரண்டு மாடிக் கோபுரத்தின் மேலிருந்து தொலைநோக்கியில் பார்த்த பெண்ணொருத்தியின்மேல் அத்தமையன் காதல் கொண்டான். தேடிப் போனால் அவள் காட்சிப் பெட்டியில் வைத்த ஒரு படம். தொலைநோக்கியைத் தலைகீழாய்த் திருப்பித் தன்னைப் பார்க்கும்படி தம்பியை வேண்டினான். பார்க்கப் பார்க்கச் சிறுத்து, படத்துக்குள் புகுந்துவிட்டான். அதன்பின் அவள் மூப்படையவில்லை. அவள் படம். அவன் மட்டும் ஆண்டுதோறும் முதுமையுற்றுக்கொண்டே போகிறான். அவர்கள் இருவரும் ஊர் பார்க்கட்டும் என்று தம்பி படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பயணம் செய்கிறார்.

சித்திரக்கதையிலோ திரைப்படத்திலோ ஒரு பாத்திரத்தின்மேல் மனம் பறிகொடுத்தவர்கள் இக்கதையை அயலார் கதையாகப் படிக்கமாட்டார்கள். பத்து வயதில் நாம் நேசித்த வீரன் இன்றும் அதே வயதினன்.

பின்வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். பணத்துக்காகப் பெரும் சுற்றுகளுள்ள இதழ்களில் கொலையும் குரூரமும் நிறைந்த தொடர்கள் எழுதினார். பல தொடர்கள் வெறும் மலிவு என்பதை அவருடைய ரசிகனாகிய நானும் மறுப்பதற்கில்லை. 1933இல் தொடங்கிய ஒரு தொடரை மூன்று தவணைகளுக்குமேல் நகர்த்த முடியாமல் வாசகரிடம் மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார். அவரைத் தேடி அலைந்த அதே யோகோமிசோ அப்போது கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

1936இல் சிறுவர் பக்கம் திரும்பினார். ஷோனென் குராபு இதழில் இருபது முகங்கள் கொண்ட விந்தை மனிதனின் கதை தொடங்கிற்று. திருடன் என்ற சொல் சிறுவர் இதழுக்கு ஆகாதென்று தலைப்பில் அச்சொல் தவிர்க்கப்பட்டது. இரத்தம் சிந்த விரும்பாத அத்திருடனும், அவனைத் துரத்தும் சிறுவர் துப்பறியும் படையும் ஒரு தலைமுறையின் விளையாட்டாயினர். போருக்குப்பின் 1949 முதல் ஷோனென் என்னும் மற்றோர் இதழில் அக்கதைகள் தொடர்ந்தன. 1952 முதல் அதே இதழில் தெசுகா ஒசாமுவின் அணுச் சிறுவன் சித்திரக்கதையும் வந்தது. ஒரே இதழைப் புரட்டிய சிறுவர்கள் இரண்டையும் சேர்த்தே உண்டு வளர்ந்தனர்.

இடையில் போர். 1929இல் அவர் எழுதிய 'கம்பளிப்புழு', போரில் கைகால் நான்கையும் கேள்வியையும் பேச்சையும் இழந்து திரும்பிய படைவீரனையும் அவன் மனைவியையும் பற்றியது. முதன்முதலில் வெளியானபோதே பல வரிகளை மறைத்துத்தான் அச்சிட்டனர். 1939இல் அவருடைய தொகுதியொன்றிலிருந்து அக்கதையை அடியோடு நீக்கும்படி தணிக்கையாளர் ஆணையிட்டனர். படிப்படியாக அவர் நூல்கள் கடைகளிலிருந்து மறைந்தன. 1941இல் ராம்போ ஒரு பெரிய ஏட்டை எடுத்து, தம்மைப் பற்றிய பத்திரிகை நறுக்குகள், விளம்பரங்கள், தாம் குடியிருந்த வீடுகளின் வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒட்டலானார். இளமையில் போவுக்கும் டாயிலுக்கும் செய்ததை இப்போது தமக்கே செய்துகொண்டார். எழுத இடமில்லாத காலத்தில் தம்முடைய ரசிகராகத் தாமே இருந்தார் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். முழுக்கக் கறைபடாதவர் அல்லர்; வேறு புனைபெயரில் அரசுக்கு உகந்த சிறுவர் கதைகளும் எழுதினார், அண்டை வீட்டார் சங்கப் பொறுப்பும் வகித்தார்.

1945 ஏப்ரலில் நடந்த குண்டுவீச்சில் இக்கெபுகுரோ பகுதி எரிந்தது. அவர் வீடும், நூல்கள் அடுக்கியிருந்த மண்சுவர்க் களஞ்சியமும் தப்பின. அக்களஞ்சியத்தில் மெழுகுவர்த்தி ஒளியில் அமர்ந்து எழுதுகிறார் என்பது பத்திரிகைகள் கட்டிய கதை. அது அவருக்கு நூலகம்.

அமெரிக்கப் படையினர் வந்தனர். அவர்களோடு ஆங்கில மலிவுப் பதிப்புகளும் வந்தன. ஐம்பத்தொரு வயது ராம்போ மீண்டும் மாணவரானார். 1946 தொடக்கத்தில் கண்டாவின் கடையொன்றில், வில்லியம் ஐரிஷ் எழுதிய 'மாயப் பெண்' நாவல், மற்றொரு எழுத்தாளருக்கென எடுத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். விடவில்லை, தாமே வாங்கிக்கொண்டு போய்விட்டார். படித்து முடித்த நாளையும் தம் பரவசத்தையும் நூலிலேயே குறித்து வைத்தார். இச்செயலை நேர்மையென்று வாதாட நான் வரவில்லை.

இதன்பின் அவர் பெரியவர்களுக்காக எழுதிய கதைகள் மிகச் சில. அவருடைய இன்னொரு வாழ்வு இங்கேதான் தொடங்குகிறது. சனிக்கிழமைக் கூட்டங்களைத் தொடங்கினார். அவற்றிலிருந்து 1947இல் துப்பறியும் எழுத்தாளர் மன்றம் எழுந்தது, முதல் தலைவர் அவரே. உலகத் துப்பறியும் கதைகளில் வரும் தந்திரங்களை எண்ணூறுக்கு மேல் திரட்டி வகைப்படுத்தினார். முகமறியாத தக்காகி அகிமிட்சு அனுப்பிய பச்சைகுத்துக் கொலைக் கதையின் கையெழுத்துப் படியைப் படித்து, அது நூலாக வழிசெய்தார். தளர்ந்துபோன ஹோசெக்கி இதழை 1957இல் கைப்பணம் போட்டுத் தாமே ஏற்று நடத்தினார்; ஹோஷி ஷின்இச்சி போன்ற புதியவர்கள் அங்கே பலரறிய வந்தனர். தம் அறுபதாண்டு நிறைவு விழாவில், 1954இல், மன்றத்துக்குப் பத்து லட்சம் யென் அளித்துப் பரிசொன்றை நிறுவினார். முதற்பரிசு 1955இல் துப்பறியும் இலக்கிய அகராதி தொகுத்தவருக்கும், அடுத்தது மொழிபெயர்ப்பு நூல்வரிசை வெளியிட்ட பதிப்பகத்துக்கும் சென்றன. நாவலுக்கு மூன்றாம் ஆண்டில்தான் முறை வந்தது. அப்போது பரிசு பெற்றவர், சிறுவயது முதலே நடக்க இயலாது படுத்திருந்த நிக்கி எட்சுகோ என்னும் பெண். எழுதுபவனுக்கு முன்னால் பட்டியலிடுபவனையும் வெளியிடுபவனையும் நிறுத்திய பரிசு வேறெங்கேனும் உண்டோ?

1956இல் அவர் கதைகள் ஆங்கிலத்தில் வந்தன. மொழிபெயர்த்த ஜேம்ஸ் ஹாரிஸ் ஜப்பானியம் பேசுவார், படிக்க அறியார். ராம்போ ஆங்கிலம் படிப்பார், பேசவும் எழுதவும் இயலாதவர். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் வரி வரியாக எழுதிக் காட்ட, ஒன்பது கதைகளுக்கு ஐந்தாண்டு பிடித்தது.

1965 ஜூலை 28 அன்று ராம்போ மறைந்தார். வீட்டையும் களஞ்சியத்தையும் 2002இல் அடுத்திருந்த ரிக்கியோ பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

1994இல் ஆவோயாமா கோஷோ ஒரு சித்திரக்கதைத் தொடரைத் தொடங்கினார். நஞ்சினால் சிறுவனாகச் சுருங்கிவிட்ட ஓர் இளம் துப்பறிவாளனிடம் தோழி பெயர் கேட்கிறாள். விழித்து நிற்கும் அவன் கண்ணில் பின்னாலிருக்கும் அலமாரி படுகிறது. அங்கே கானன் டாயிலின் நூல். பக்கத்தில் எடோகாவா ராம்போவின் நூல். இரண்டு முதுகுகளையும் சேர்த்துப் படித்து, தன் பெயர் எடோகாவா கானன் என்கிறான்.