பெர்த்தா பென்ஸ் அம்மையாரின் கார் பயணம்



கார் பராமரிப்பு பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. நான் பி.காம். படித்துவிட்டு, ஆயுள் முழுவதும் வங்கியில் பேரேடு பார்த்தவன். மெக்கானிக் அல்ல. பானெட்டைத் திறந்தால் எனக்குத் தெரிவதை விடத் தெரியாததுதான் அதிகம். அதனால் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் நடந்த ஒன்றுதான் என்னை எழுத வைத்தது.

நம் குடியிருப்பில் ஒரு சகோதரி. கணவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. கார் பேஸ்மென்ட்டில் நின்றபடியே இருந்தது. விற்றுவிடலாம் என்று ஆள் கூட்டி வந்தார். பேட்டரி செத்துவிட்டது, நான்கு டயரிலும் காற்று இல்லை, வயரை எலி கடித்திருக்கிறது. வந்த ஆள் கேட்ட விலையைக் கேட்டு எனக்கே வயிறு எரிந்தது. இத்தனைக்கும் அந்தச் சகோதரியிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஜாக்கி எங்கே இருக்கிறது, காற்று எவ்வளவு அடிக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தைப் பெயர் மாற்ற என்ன செய்ய வேண்டும், எதுவும் தெரியவில்லை. எல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வார் என்றார். வங்கிக் கவுன்ட்டரில் இதே வார்த்தையை எத்தனையோ பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாஸ்புக் எங்கே என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் பெர்த்தா பென்ஸ் அம்மையார். உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக வந்திருக்கும். முழுக்கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜெர்மனியின் தென்மேற்கில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் 1849 மே 3 அன்று பிறந்தார். அப்பா வசதியான தச்சு, கட்டட வேலைக்காரர். மறுபடியும் பெண்தானா என்ற வருத்தத்தை அந்த வீட்டுப் பைபிளில் பிறப்புக் குறிப்போடு எழுதி வைத்திருந்தார்கள் என்றும், சிறுமியாக இருந்தபோது பெர்த்தா அதைப் படித்துவிட்டார் என்றும் சொல்வார்கள். நம் ஊருக்கு ரொம்ப தூரம் என்று நினைக்காதீர்கள்.

கார்ல் பென்ஸ் என்ற ஏழை இன்ஜினியரை 1869ல் சந்தித்தார். 1871ல் கார்ல் மான்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியோடு பட்டறை ஆரம்பித்தார். கூட்டாளி சரியில்லை. பட்டறைச் சாமான்கள் ஜப்தியாகும் நிலை வந்தது. அப்போது பெர்த்தா செய்ததைக் கவனியுங்கள். தனக்கு வரவேண்டிய சீர்ப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே அப்பாவிடம் கேட்டு வாங்கி, கூட்டாளியின் பங்கை அடைத்து, பட்டறையைக் கார்லின் கைக்கே கொண்டுவந்தார். கல்யாணம் 1872 ஜூலையில்தான் நடந்தது. நகையாகப் போட்டுக்கொண்டு போகவேண்டிய பணம் பட்டறையின் மூலதனம் ஆயிற்று. கணக்குப் பிள்ளை புத்தியில் சொல்கிறேன், அந்தக் கம்பெனியின் ஐந்தொகையில் மூலதனப் பக்கம் முதல் வரியில் வரவேண்டிய பெயர் பெர்த்தாதான். ஆனால் அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தன் பணத்தின் மேல்கூடத் தனி அதிகாரம் கிடையாது. 1886 ஜனவரி 29ம் தேதியிட்ட மோட்டார் வண்டிக் காப்புரிமை கார்ல் பெயரில் மட்டுமே இருக்கிறது.

நடுவில் கஷ்ட காலம் நிறைய. 1879ம் ஆண்டின் கடைசி நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும் பட்டறைக்குப் போய் இன்னொரு தரம் முயன்று பார்க்கலாம் என்று கணவரைக் கிளப்பியவர் பெர்த்தாதான். அன்று இரவுதான் கார்லின் இரட்டை வீச்சு இன்ஜின் முதன்முதலாக ஒழுங்காக ஓடியது.

காப்புரிமை வந்தும் வண்டியை வாங்க ஆள் வரவில்லை. குதிரை இல்லாத வண்டியைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள், சிரித்தார்கள். கார்ல் நல்ல மூளைக்காரர், ஆனால் விற்கத் தெரியாதவர். இன்னும் கொஞ்சம் சரி செய்யவேண்டும் என்று வண்டியைப் பட்டறையிலேயே வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். பெர்த்தாவுக்குப் பொறுக்கவில்லை.

1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலை. கார்ல் தூங்கிக்கொண்டிருக்கிறார். 15 வயது ஆய்கன், 13 வயது ரிச்சர்ட் என்ற இரண்டு மகன்களோடு, பெர்த்தா அந்த மூன்று சக்கர வண்டியைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனார். அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று சீட்டு எழுதி வைத்ததோடு சரி, வண்டியில் போவதாகச் சொல்லவில்லை. அம்மா வீடு சுமார் 100 கிலோமீட்டர். அதற்கு முன் உலகத்தில் யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்ததுதான். அப்போது அவருக்கு வயது 39.

சாலை என்றால் மாட்டு வண்டித் தடம். பெட்ரோல் பங்க் கிடையாது, மெக்கானிக் கிடையாது, வழிகாட்டிப் பலகை கிடையாது. வண்டியில் காற்றடைத்த டயரும் கிடையாது. அதே 1888ம் வருடம்தான் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அது கார்களுக்கு வந்து சேர இன்னும் சில வருடம் பிடித்தது. அதுவரை ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவர் முதுகெலும்பில்தான் இறங்கும்.

முதல் பிரச்சினை எரிபொருள். லிக்ராயின் என்ற, பெட்ரோல் மாதிரியான திரவத்தில் ஓடிய வண்டி அது. துணிக்கறை எடுக்க மருந்துக் கடையில் சின்னப் பாட்டிலில் விற்பார்கள். வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக் கடையைத்தான் இன்று உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று கொண்டாடுகிறார்கள். நாமோ தடுக்கி விழுந்தால் பங்க் இருக்கிற ஊரில், ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் இரண்டு நாள் ஓட்டுகிறோம். இப்போதைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது, பெட்ரோல்தான் அதைச் சூடாகாமல் வைக்கிறது. கால் டேங்க்குக்குக் கீழே போகவிடாதீர்கள்.

அடுத்து எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியை உருவி அடைப்பை எடுத்தார். பிறகு பற்றவைக்கும் மின்கம்பி ஓரிடத்தில் உரசி, மேலுறை போய் மின்சாரம் கசிந்தது. காலுறையை இழுத்துப் பிடிக்கக் கட்டும் நாடாவைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நம் பேஸ்மென்ட் எலிகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. வயர் உரசினாலும் எலி கடித்தாலும் விளைவு ஒன்றுதான். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இலை, துணி நார், தேங்காய் ஓடு கிடந்தால் குடித்தனம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் நாடா சுற்றும் வேலை இப்போது வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தது. ஆறு, ஓடை, ஊர்க் கிணறு, எங்கே தண்ணீர் கண்டாலும் நிறுத்தி ஊற்றினார்கள். இன்று கூலன்ட் அப்படிக் குறையக்கூடாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒரு விஷயம் கட்டாயம்: வண்டி சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சங்கிலி தளர்ந்தபோது ஒரு கொல்லர் உதவினார். மேடு வந்தபோது வண்டி ஏறவில்லை. இருந்த இரண்டு வேகமும் அதற்குப் போதவில்லை. சின்னவன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அம்மாவும் பெரியவனும் பின்னாலிருந்து தள்ளினார்கள். இறக்கத்தில் வேறு கவலை. மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. பெர்த்தா வழியில் செருப்புத் தைப்பவரிடம் போய்ப் பிரேக் கட்டையின் மேல் தோல் வைத்து ஆணியடிக்கச் சொன்னார். நம் வண்டிகளில் பிரேக் பேட் என்று மாற்றுகிறோமே, அதற்கு முன்னோடி அந்தத் தோல்தான். மிதிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம், காட்டிவிடுங்கள். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப். ஏற்காடு மாதிரி மலையிலிருந்து இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். பத்திரமாக வந்தோம் என்று கார்லுக்குத் தந்தி போயிற்று. சில நாள் கழித்து அதே வண்டியில் வேறு வழியாகத் திரும்பியும் வந்தார்கள். எனக்கு இந்தத் திரும்பி வந்ததுதான் பெரிதாகப் படுகிறது. போவது ஒரு வேகத்தில் முடிந்துவிடும். இவ்வளவு தொல்லையும் தெரிந்த பிறகு மறுபடி ஏறி உட்கார தைரியம் வேண்டும்.

வந்ததும் பெர்த்தா கணவரிடம் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மேடேற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. இன்றைய மொழியில் அது டெஸ்ட் டிரைவ் ரிப்போர்ட். அந்த செப்டம்பரிலேயே மியூனிக் கண்காட்சியில் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1900வாக்கில் பென்ஸ் கம்பெனி உலகிலேயே அதிகம் கார் செய்கிற கம்பெனிகளில் முன்னணியில் நின்றது. அதன் பிறகுதான் 1926ல் டைம்லர் கம்பெனியோடு இணைந்தது. நம் சின்ன வயதில் டாடா லாரியைக்கூட பென்ஸ் லாரி என்றுதானே சொல்வோம்? அந்தப் பெயரும் இந்தக் குடும்பத்துப் பெயர்தான்.

கார்ல் 1929ல் காலமானார். பெர்த்தா அதன்பின் 15 வருடம் லாடன்பர்க் என்ற ஊரில் இருந்தார். 95வது பிறந்தநாளில் கார்ல் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ செனட்டர் என்ற சிறப்பைக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, 1944 மே 5 அன்று கண்ணை மூடினார். அவர் போன வழி இன்று பெர்த்தா பென்ஸ் நினைவுச் சாலை.

இனி நம் சகோதரியின் வண்டிக்கு வருகிறேன். அன்று அவர் வண்டியை விற்கவில்லை. புதுப் பேட்டரி போட்டாயிற்று, வயர் மாற்றியாயிற்று. டயர் வாங்கப் போனபோது என்ன சைஸ் என்று கடைக்காரர் கேட்க, அவர் என்னைப் பார்த்தார். டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. உதாரணமாக 185/65 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதே பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ம் வருடம் 23வது வாரம் செய்தது. சலுகை விலை என்று கடையில் காட்டும்போது முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும். காற்று எவ்வளவு என்பது பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டெப்னிக்கும் சேர்த்து அடியுங்கள். திண்டிவனம் தாண்டி பஞ்சரான போது என் ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் நடுரோட்டில் நின்றவன் சொல்கிறேன். என் மனைவி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதை விட மோசம்.

ஆர்.சி. விஷயம்: உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தரவேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் கூடவே மாற்றிக்கொள்ளுங்கள். நம் சகோதரிக்குத் தாமதமாகிவிட்டது, ஆனாலும் விண்ணப்பித்துவிட்டோம். புத்தகம் அவர் பெயரில் வர வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை 7 மணிக்கு பேஸ்மென்ட்டில் ஸ்டெப்னி மாற்றுவது, காற்று பார்ப்பது, கூலன்ட் பார்ப்பது எல்லாம் செய்து காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம். தெரு முனை மெக்கானிக் வருகிறார். முதல் செயல்விளக்கம் அந்தச் சகோதரியின் வண்டியில், ஜாக்கி போடப்போவதும் அவரேதான். கணவன்மார் சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்து அனுப்பவும். காபி என் செலவு.